அறுபத்தோராம் பக்கம்

தம்பி,

உன் கடிதம் போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. தைப்பிங்கில் ரிக்கார்டு அறையில் எழுத்து வேலைக்கு, கிராணியாக உன்னை எடுத்துக்கொண்டார்கள் என்பதை நான் படிப்பதற்கு முன்பே, தபால்காரன் கையிலிருந்து வாங்கி எதிர்வீட்டு மாமா படித்துவிட்டார். தெரு முழுக்கச் சொல்லியும் விட்டார். எல்லோரும் வந்து, "அப்பா வழியிலேயே பிள்ளை" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. தினமும் பேனாவை எடுப்பதும், மையைத் தொடுவதும், மூடி வைப்பதுமாக இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

நீ கடிதத்தோடு ஒரு தாளும் வைத்திருந்தாய். உனக்குக் கொடுத்த விதிப்புத்தகத்திலிருந்து சில வார்த்தைகளை எழுதி, இவற்றுக்கு அர்த்தம் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். பதிவு, பெயரட்டவணை, வைப்புக் காலம், அழிப்புப் பட்டியல், காவல். "இதை உங்களைப் போல யாரும் விளக்க முடியாது அப்பா, இருபத்தெட்டு வருஷம் அந்த அறையிலேயே இருந்தவர் நீங்கள்" என்று எழுதியிருந்தாய். அந்த வரிதான் என்னைப் பதினோரு நாள் எழுத விடவில்லை. போன வருஷம் எனக்கு நடந்த பிரிவுபசாரத்தில் துரை எழுந்து, இந்த மனிதர் கையில் ஒரு காகிதம்கூடத் தவறியதில்லை என்று சொன்னாரே, ஞாபகமிருக்கிறதா? நீ கடைசி வரிசையில் நின்று கை தட்டினாய். உன் முகத்தைப் பார்த்தேன். அப்போதே எழுந்து, அது பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படம் பிடிக்க நின்றேன்.

நான் வேலை பார்த்த ஆபீஸின் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. குற்றம் கட்டடத்தினுடையது அல்ல, என்னுடையது. தீவின் கடற்கரையை ஒட்டிய அந்தப் பின்னறையை நீயும் பார்த்திருக்கிறாய். பக்கத்துக் கிடங்கில் பாலிக் புலாவிலிருந்து வரும் கிராம்பும் ஜாதிக்காயும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அந்த வாசனை எங்கள் புத்தகங்களிலெல்லாம் ஏறியிருக்கும். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வந்தால் இறங்குகிற ஆட்களை முன்னறையில் வரிசையாக நிறுத்தி, பெயர், வயது, ஊர், போகிற எஸ்டேட் என்று எழுதுவார்கள். எழுதி முடித்த புத்தகம் என் அறைக்கு வரும். அதன் பிறகு அதற்கு நான் பொறுப்பு. பதிவு என்றால், நடந்த காரியத்துக்குச் சாட்சியாக மாற்றாமல் வைத்திருக்கும் எழுத்து என்று உன் விதிப்புத்தகம் சொல்கிறது. சரிதான். ஆனால் எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டதும் ஒரு பொம்பளையின் குரல்தான் ஞாபகம் வருகிறது. அவள் பெயர் செல்லாயி.

நான் வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம் அது. நீ அப்போது பிறக்கவே இல்லை. உன் அம்மாவை நான் கட்டிக்கொண்டு நாலைந்து மாதம் ஆகியிருக்கும். செல்லாயிக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். முகம் முழுக்க அம்மைத் தழும்பு. கூலிக் கப்பலில் புருஷனோடும் ஐந்து வயதுப் பெண்ணோடும் வந்தவள். வழியில் கப்பலில் அம்மை கண்டிருக்கிறது. புருஷன் கடலிலேயே போய்விட்டான். இவளைத் தூக்கித் தனிமை முகாமில் போட்டார்கள். நோய் தொற்றாத குழந்தையைக் கரையில் யாரோ ஒரு குடும்பத்திடம், தாய் பிழைத்து வரும்வரை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். இவள் பிழைத்தாள். மூன்று மாதம் கழித்து வெளியே வந்து நேராக எங்கள் ஆபீஸ் படியேறினாள். "கிராணியய்யா, எம் புள்ளைய யாருகிட்ட குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"பேரென்ன?"

"அலமேலு."

இப்படித் தாய் தகப்பனைப் பிரிந்த பிள்ளைகளை யாரிடம் ஒப்படைத்தோம் என்று எழுத ஒரு தனிப் புத்தகம் இருந்தது. ஒப்படைப்புப் புத்தகம் என்போம். எழுபது எண்பது பக்கம்தான். அதற்கு நகல் கிடையாது. எல்லாப் புத்தகங்களிலும் உள்ள பெயர்களைச் சேர்த்து ஒரு பெரிய பெயரட்டவணை இருந்தது. எந்தப் பெயர், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று அதில் பார்த்தால் தெரியும். நான் அட்டவணையில் அலமேலு என்ற பெயருக்குரிய இடத்தைத் திறந்தேன். விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை ஓட்டினேன். எஸ்டேட் ஆட்கள் நாலைந்து அலமேலு இருந்தார்கள், எல்லோரும் பெரியவர்கள். "இல்லம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. "குடுத்தத எழுதியிருப்பீங்கள்ல? எழுதாம குடுப்பீங்களா?" என்றாள். நியாயமான கேள்வி. அந்த எண்பது பக்கப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டியிருந்தால் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் உன் அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அவள் அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலைக்குப் போனாள். வருஷத்துக்கு ஒருமுறை தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோவிலுக்கு வருகிற கூட்டத்தோடு தீவுக்கு வருவாள். சாமி கும்பிட்டுவிட்டு மறுநாள் காலை எங்கள் ஆபீஸ் வாசலில் நிற்பாள். நான் அட்டவணையை எடுத்து அதே பக்கத்தைத் திறந்து, அதே பெயர்களில் விரலை ஓட்டி, இல்லை என்பேன். இரண்டாம் வருஷம் கொஞ்சம் கவனமாகத் தேடினேன். மூன்றாம் வருஷம் அட்டவணையைத் திறக்கும்போதே தலையை ஆட்டிவிட்டேன். நாலாம் வருஷம் திறந்ததே அவள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். உனக்கு யாரும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள், தம்பி. தேடுவது போல நிற்பது ஒரு பழக்கம். அது மூன்றே வருஷத்தில் கைக்கு வந்துவிடும்.

ஐந்தாம் வருஷம் நீ பிறந்தாய். இதை நீ தப்பாக எடுத்துக்கொள்வாயோ என்று பயமாக இருக்கிறது. உன்மேல் எந்தப் பழியும் இல்லை. உன் அம்மாவுக்கு வலி கண்டு மூன்று நாள் ஆகியும் நீ வரவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அந்த வாரம்தான் ஆபீஸில் இடம் போதவில்லை, பழைய புத்தகங்களை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று உத்தரவு. ஒவ்வொரு வகைப் புத்தகத்துக்கும் இத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதுதான் வைப்புக் காலம். ஒப்படைப்புப் புத்தகத்துக்கு ஐந்து வருஷம். காலம் முடிந்துவிட்டது என்பதால் மட்டும் எரித்துவிட முடியாது. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, இதைக் கேட்டு இனி யாரும் வரமாட்டார்கள், இதில் இருப்பது வேறெங்காவது இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகே அழிப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பட்டியலின் அடியில், "அனைத்தும் பரிசீலிக்கப்பட்டன" என்று எழுதிக் கையெழுத்துப் போடுபவன் நான்.

நான் எதையும் திறக்கவில்லை. புத்தகங்களின் முதுகில் ஒட்டிய சீட்டைப் பார்த்து வரிசையாகப் பெயரெழுதினேன். அரை மணி நேரத்தில் முடித்துக் கையெழுத்துப் போட்டேன். பியூன் காதர் புத்தகங்களைப் பின்கட்டு முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். பாதி தூக்கியவர் திரும்பி வந்து, "கிராணி, தொறந்து பாக்கலியே நீங்க?" என்றார்.

"எல்லாம் பாத்தாச்சு காதர்."

"நான் இங்கதானே இருந்தேன்."

"வீட்ல அவ உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்கா. போங்க, கொளுத்துங்க."

அவர் மீதியையும் தூக்கிக்கொண்டு போனார். பட்டப்பகலில், கடலைப் பார்த்த அந்த முற்றத்தில் எரித்தார். நான் வீட்டுக்கு ஓடினேன். அன்று சாயங்காலம் நீ பிறந்தாய். உன் அம்மாவும் பிழைத்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் வேறு கிடையாது. அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்த தைப்பூசத்துக்குச் செல்லாயி வந்தாள். உனக்கு அப்போது ஏழெட்டு மாதம். எனக்குப் பிள்ளை பிறந்ததை வாசலில் யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். முகம் மலர வந்தாள். "ஆம்பளப் புள்ளையாமே, என்ன பேரு வச்சீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "வீட்ல என்னன்னு கூப்புடுவீங்க?" என்று கேட்டாள். தம்பி என்றுதான் கூப்பிடுகிறோம் என்றேன். அவள் சிரித்துவிட்டு, "எல்லா வீட்லயும் அப்படித்தான். எங்க புள்ளைக்கும் அலமேலுன்னு பேரு வச்சோமே ஒழிய ஒருநாளும் அப்படிக் கூப்புட்டதில்ல. பாப்பா, பாப்பாதான். அதுகிட்டப் போயி உம் பேரென்னன்னு கேட்டா, பாப்பான்னுதான் சொல்லும்" என்றாள்.

நான் எழுந்து உள்ளே போனேன். பெயரட்டவணை எரிக்கப்படவில்லை, அது நிரந்தரமாக வைக்கிற புத்தகம். பாப்பா என்ற பெயருக்குரிய பக்கத்தைத் திறந்தேன். இருந்தது, தம்பி. ஐந்து வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது. "பாப்பா, பெண், வயது சுமார் ஐந்து. ஒப்படைப்புப் புத்தகம், பக்கம் அறுபத்தொன்று." யாரிடம் கொடுத்தார்கள், எந்த எஸ்டேட் என்பதெல்லாம் அந்த அறுபத்தோராம் பக்கத்தில் இருந்திருக்கும். புத்தகம் நின்ற அலமாரியைப் போய்ப் பார்த்தேன். அங்கே கப்பல் பட்டியல்களை அடுக்கியிருந்தார்கள்.  வெளியே வந்தேன். அவள் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். நான், "இன்னும் கிடைக்கலம்மா, தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். பயம்தான். அவள் துரையிடம் போய் அழுதால் பட்டியலை எடுப்பார்கள். பரிசீலித்தேன் என்று பொய்க் கையெழுத்துப் போட்டது வெளிவரும். வேலை போகும். கையில் எட்டு மாதப் பிள்ளை. இதெல்லாம் உண்மைதான். ஆனால் நீ பள்ளிக்கூடம் போன பிறகும் சொல்லவில்லையே? மீசை முளைத்த பிறகும் சொல்லவில்லையே? பதினேழு பதினெட்டு தைப்பூசம் அவள் வந்தாள். ஒருமுறைகூடச் சொல்லவில்லை. முதல் பொய் பயத்தில் சொன்னது. மற்றவற்றை எதனால் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை.

உன் அம்மாவிடம் மட்டும் ஒருநாள் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தி, "அந்தப் பொம்பளகிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் மறுபடி அரிசியைக் களையத் தொடங்கினாள். ஆனால் அதன்பிறகு ஒவ்வொரு தைப்பூசத்துக்கு மறுநாளும் என் சாப்பாட்டோடு இன்னொரு பொட்டலமும் கட்டித் தருவாள். அது யாருக்கு என்று நீகூடச் சின்ன வயதில் கேட்டிருக்கிறாய். புளிச்சோறும் வறுத்த நெத்திலியும். செல்லாயி அதை வாங்கிக்கொண்டு, "ஒங்க வீட்டம்மா மகராசியா இருக்கட்டும்" என்பாள். உன் அம்மா சாகும்வரை கட்டித் தந்தாள். சாகிற வாரத்தில் என்னிடம், "இனிமேயாச்சும் சொல்லிடுங்க" என்றாள். சொல்கிறேன் என்று தலையாட்டினேன். சொல்லவில்லை.

பிறகு ரப்பர் விலை விழுந்த காலம் வந்தது. அது உனக்கே தெரியும். எஸ்டேட் எஸ்டேட்டாக ஆட்களை நிறுத்தி, கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். முன்னறையில் ஆள் போதாமல் என்னையும் உட்கார வைத்துவிட்டார்கள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை எழுதினேன். பெயர், வயது, உடன் வருவோர், உறவினர், போகும் ஊர். கை வலித்தது. தலை நிமிராமல் கேட்பேன், காதில் விழுவதை எழுதுவேன். ஊர் தெரியாது என்று யாராவது சொன்னால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று பெரிய கிராணி திட்டுவார். காலிக் கட்டம் இருந்தால் துரை கையெழுத்துப் போடமாட்டார். அதனால் ஊர் தெரியாதவர்களுக்கெல்லாம், கப்பல் போய்ச் சேருகிற இடம்தானே என்று நாகப்பட்டினம் என்று எழுதிவிட்டேன். நீ அப்படிச் செய்யாதே. தெரியாததைத் தெரியாது என்று எழுது. திட்டினால் திட்டட்டும். காலியாக விட்ட கட்டத்தைப் பார்த்தால் பின்னால் வருகிறவன் தேட வேண்டும் என்று புரிந்துகொள்வான். பொய்யாக நிரப்பிய கட்டத்தைப் பார்த்தால் அவன் நம்பித் திரும்பிப் போய்விடுவான்.

அந்த அலை ஓய்ந்து, பழைய கடிதக் கட்டுகளை ஒழுங்குபடுத்தும்போது, கட்டடப் பழுது சம்பந்தமான கட்டுக்குள் ஒரு கடிதம் கிடைத்தது. வைக்க வேண்டிய கட்டில் வைக்காமல் யாரோ மாற்றி வைத்தது. சுங்கை பாக்காப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் மானேஜர், பல வருஷத்துக்கு முன் எழுதியது. "உங்கள் ஒப்படைப்புப் புத்தகம் அறுபத்தோராம் பக்கப்படி இங்கே அனுப்பப்பட்ட பெண்குழந்தையை வளர்த்த தம்பதி இறந்துவிட்டார்கள். குழந்தை கூலிகள் குடியிருக்கும் லயத்தில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறது. தாயைப் பற்றி ஏதாவது தகவல் உண்டா?" அவ்வளவுதான். குறுக்கே, கோப்பில் சேர்க்கவும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அப்போது இருந்த பெரிய கிராணியின் எழுத்து. அவர் செத்து வெகு காலம் ஆகிறது. பதில் போனதற்கு அடையாளம் இல்லை.

மறுநாளே லீவு போட்டுவிட்டுப் படகேறி அக்கரைக்குப் போனேன். நீ அப்போது கோலாலம்பூரில் இருந்தாய். அந்த எஸ்டேட் கிராணி வயதானவர், எல்லோரையும் தெரிந்தவர். "பாப்பாவா? தெரியாம என்ன. நல்ல வேலைக்காரி. இங்கயே கட்டிக் குடுத்தோம். புருஷன் மரம் விழுந்து செத்துட்டான். கைக்கொழந்தையோட இருந்தா. ஆள் கொறைக்கச் சொன்னாங்க, அவளைக் கப்பலேத்திட்டோம்" என்றார்.

"ஊர் எதுன்னு சொன்னாளா?"

"அஞ்சு வயசுல வந்ததுக்கு ஊரு எப்படித் தெரியும்? போகமாட்டேன்னு அழுதா. அங்க எனக்கு யாரு இருக்கான்னு கேட்டா. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

திரும்பி வரும்போது மாட்டு வண்டிக்காரனிடம், இங்கிருந்து புக்கிட் மெர்தாஜாமுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டேன். விடியலில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம் என்றான். இருபத்துச் சொச்சம் வருஷம் தாயும் மகளும் ஒரு காலைப்பொழுது தூரத்தில் இருந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் அதே தண்ணீர்மலைக்கு வந்து அதே கூட்டத்தில் நின்று கும்பிட்டிருப்பார்கள்.

ஆபீஸுக்குப் போய், திருப்பி அனுப்பியவர்களின் புத்தகத்தை எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. "பாப்பா. வயது இருபத்தெட்டு. உடன் வருவோர்: குழந்தை ஒன்று. உறவினர்: இல்லை. போகும் ஊர்: நாகப்பட்டினம்." என் கையெழுத்து, தம்பி. அந்தப் பெயரைப் பதினெட்டு வருஷமாக ராத்திரி பகல் மனதில் வைத்துப் புழுங்கியவன் நான். அவளே என் எதிரில் வந்து நின்று, தன் வாயால் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறாள். நான் தலை நிமிரவில்லை. எழுதிவிட்டு அடுத்த ஆள் என்றிருக்கிறேன்.

காவல் என்ற வார்த்தைக்கு நீ அர்த்தம் கேட்டிருந்தாய். பூட்டும் சாவியும் யாரிடம் இருக்கிறதோ அவனுடைய பொறுப்பு என்று சொல்லித் தந்திருப்பார்கள். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

நாகப்பட்டினம் துறைமுக ஆபீஸுக்கு மூன்று கடிதம் போட்டேன். செல்லாயியின் சொந்த ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். அங்கே கிராம முன்சீபுக்கும் எழுதினேன். நாகப்பட்டினத்திலிருந்து ஒரே ஒரு பதில் வந்தது. இறங்கியவர்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள், நாகப்பட்டினம் என்று குறிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை இங்கே யாருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தார்கள்.

அந்தத் தைப்பூசத்துக்கு மறுநாள் செல்லாயி வந்தாள். தலை வெளுத்துவிட்டது, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. நான் அட்டவணையைத் தொடவில்லை. அவளை உள்ளே அழைத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். உட்காரத் தயங்கினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எரித்ததைச் சொன்னேன். தெரிந்தும் மறைத்ததைச் சொன்னேன். எஸ்டேட்டைச் சொன்னேன், கப்பலைச் சொன்னேன். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"கொழந்தையோடயா போச்சு?" என்றாள்.

"ஆமாம்மா."

"ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?"

புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். குழந்தை ஒன்று என்றுதான் இருந்தது. "எழுதலம்மா" என்றேன்.

அவள் அந்த வரியைப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். விரலை மட்டும் அதன்மேல் வைத்தாள். "இது ஒங்க கையெழுத்துதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்பப் பாத்திருப்பீங்களே. எப்படி இருந்துச்சு? அவங்க அப்பா மாதிரி ஒசரமா? எம் மாதிரி குள்ளமா?"

நான் யோசித்துப் பார்த்தேன். இன்றுவரை யோசிக்கிறேன். எத்தனையோ கைகள் ஞாபகம் வருகின்றன; மேசை விளிம்பைப் பிடித்த கைகள், பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்ட கைகள். முகம் ஒன்றும் வரவில்லை. "பாக்கலம்மா" என்றேன்.

உறவினர் இல்லை என்று எழுதியிருப்பதை அவளிடம் படித்துக் காட்டினேன். மறைக்க இனி எதுவும் வேண்டாம் என்று தோன்றியது. "நான் இருக்கேன்னு எழுதுங்க" என்றாள். முடிந்த பதிவில் ஓர் எழுத்தையும் அழிக்கக்கூடாது. ஓரத்தில் குறிப்பு எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடலாம். அப்படியே எழுதினேன். "தாய் செல்லாயி உயிருடன் இருக்கிறார்" என்று எழுதி, அவள் எஸ்டேட்டின் பெயரையும் எழுதினேன். படித்துக் காட்டச் சொன்னாள். இன்னொரு தடவையும் படிக்கச் சொன்னாள். அதை அவள் மகள் ஒருநாளும் படிக்கப்போவதில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அந்தப் புத்தகத்துக்கும் ஐந்து வருஷம்தான் வைப்புக் காலம். இந்த வருஷமோ அடுத்த வருஷமோ பட்டியலில் வரும். என் இடத்துக்கு வந்திருப்பவரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தேன். "வரிசைப்படிதான் சார் செய்ய முடியும்" என்றார். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

உன்னை அந்த வேலைக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. போ. நான் செய்ததை நீ செய்யமாட்டாய் என்று நம்பவும் எனக்குத் தைரியமில்லை; நானும் உன் வயதில் நல்லவனாகத்தான் இருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களை நிமிர்ந்து பார். வேறு எதைச் சொல்வதென்று தெரியவில்லை.

செல்லாயி அன்று எழுந்து சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். நான் படிவரைக்கும் கூடப் போனேன். இரண்டு படி இறங்கியவள் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப அடுத்த வருசத்துலருந்து நான் வர வேணாம், இல்லையா கிராணியய்யா?"

 அவள் மீதிப் படிகளையும் இறங்கி, படகேறும் ஜெட்டிப் பக்கம் நடந்து போய்விட்டாள்.

உன் அப்பா